ஆமைகளின் வருகைப் பதிவேடு

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஈவாஞ்சலின் டீச்சர் பதிவேட்டைத் திறந்து, ஒன்பது ஆமைகளுக்கும் நேராக நாலாவது நாளாக ஆப்சென்ட் போட்டார்.

முப்பத்து நாலு வருடப் பள்ளிக்கூட வேலையில் ஒரு வகுப்பு மொத்தமும் ஒரே நாளில் வராமல் போனது அவருக்கு நேர்ந்ததே இல்லை. அடைமழையிலும் நாலு பேராவது நனைந்துகொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் தருவைகுளம் சாலையோரத்துப் உடை முள்மரங்கள் அடர்ந்த பதினொரு ஏக்கர் உடங்காட்டில் திங்கட்கிழமையிலிருந்து ஓர் ஆமையும் கண்ணில் படவில்லை. உடும்பு இரண்டையும் காணோம். கீரிப்பிள்ளையிடமிருந்து தகவலே இல்லை. முயல்கள் மட்டும் இரண்டு, சாலையோரம் நின்று போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

"பிரைட்டன், நல்லாப் பாத்தியா? மூணாம் நம்பர் கூடவா வரல?"

பிரைட்டன் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்ப்பவன். ஏழாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவன். இப்போது முப்பத்தோரு வயது, இரண்டு பிள்ளைகள். ஆனாலும் டீச்சர் கேள்வி கேட்டால் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"இல்ல டீச்சர். ஒவ்வொரு மரத்தடியா குனிஞ்சு பாத்துட்டேன்."

மூணாம் நம்பர், ஓட்டின் ஓரத்தில் சின்னதாக உடைந்த ஆமை. அவர் வரும் முன்பே வந்து பாதையில் நிற்கும். நாசரேத்தில் பணி ஓய்வு பெற்று, தூத்துக்குடியில் மகன் கட்டிய வீட்டுக்கு வந்து, மகனும் குடும்பத்தோடு துபாய்க்குப் போன பிறகு, காலையில் அவரை எதிர்பார்த்து நின்ற ஒரே ஜீவன் அதுதான். இந்தக் காடு போய்விட்டால் விடிந்ததும் எழுந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

காடு போகிற நிலைமையும் வந்திருந்தது. துறைமுகத்துக்கு வரும் லாரிகள் நிறுத்த இடமில்லாமல் சாலை முழுக்க நிற்கின்றன. அவற்றை நிறுத்த அரசாங்கம் பார்த்த இரண்டு புறம்போக்குகள், சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும். சர்வே எண் 211, சர்வே எண் 212. இதில் 212-ஐத்தான் டீச்சரின் 'உடங்காடு நண்பர்கள் சங்கம்' பராமரிக்க அனுமதி வாங்கியிருந்தது. அங்கே நட்சத்திர ஆமை இருக்கிறது என்று டீச்சர் ஏழு பக்கத்துக்கு மனு எழுதினார். பதில் வந்தது. சனிக்கிழமை வனத்துறை ரேஞ்சர் நேரில் வருவார், 212-ல் காட்டு உயிர் இருந்தால் அது காடாகவே இருக்கட்டும், லாரிகள் 211-க்குப் போகட்டும். இல்லையென்றால் 212-லேயே லாரி.

"அந்தப் பக்கம் வெறும் முள்ளும் குப்பையும். லாரி நிக்கிறதுக்குன்னே ஆண்டவர் படைச்ச இடம்" என்று டீச்சர் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அது குறிப்பேட்டிலும் ஏறியது.

இப்போது ரேஞ்சர் வர இரண்டு நாள்தான் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் இல்லை.

சங்கத்தின் பொருளாளர் காசிலிங்கம் அண்ணாச்சி சாலைப் பக்கமிருந்து மூச்சு வாங்க வந்தார். மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். தர்மம் செய்வதில் தாராளம், அதை நாலு பேருக்குத் தெரியாமல் செய்வதில் மட்டும் நம்பிக்கை கிடையாது.

"டீச்சரம்மா, ஒரு வார்த்த சொல்லுதேன், கோவப்படாதிய. போன சனிக்கிழம நாம பெருக்குனோம்லா, அதான் வெனை."

போன சனிக்கிழமை நடந்தது ஒரு மாபெரும் துப்புரவுப் பணி. நாசரேத்துக்காரர்களுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றால் கை சும்மா இருக்காது. பேராயர் வந்தாலும் சரி, கல்வி அதிகாரி வந்தாலும் சரி, முதலில் விளக்குமாறு வரும், பிறகு சுண்ணாம்பு வரும். டீச்சர் அந்த முறைப்படிதான் செய்தார். சருகையெல்லாம் கூட்டி அள்ளினார்கள். பட்டுப்போன உடை மரக் கிளைகளை அறுத்தார்கள். கரையான் புற்று இரண்டும் தரைமட்டம். ரேஞ்சர் கால் இடறிவிடக் கூடாதே என்று பொந்துகளையெல்லாம் மண் போட்டு மூடினார்கள். பாதையின் இரண்டு பக்கமும் கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசினார்கள். அள்ளிய குப்பை, வழக்கம்போல, சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனது. கடைசியாக வாசலில் 'சுத்தம் சோறு போடும்' என்று ஒரு பலகையும் வைத்தாயிற்று.

"சுத்தம் நமக்குத்தான டீச்சரம்மா சோறு போடும்? ஆமைக்குச் சருகு பாயி, பொந்து வீடு. வீட்டையும் இடிச்சு, பாயையும் சுருட்டி வெளிய எறிஞ்சிட்டு, வந்து நில்லுன்னா எப்படி நிக்கும்?"

டீச்சர் பாதையோரத்து வெள்ளைக் கற்களைப் பார்த்தார். அவருக்கே அது பள்ளிக்கூட மைதானம் மாதிரி தெரிந்தது.

"அப்ப திரும்பக் குப்பை போடணுமா?"

"போடணும்."

"எதிர்ப்பக்கம் கொட்டினதையே அள்ளிட்டு வந்துரலாமே டீச்சர்" என்றான் பிரைட்டன்.

"முடியாது. அது தீர்மானம் போட்டு வெளியேத்தின குப்பை. மறுபடி உள்ள கொண்டுவரணும்னா ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். விதி பன்னிரண்டு."

விதி பன்னிரண்டை எழுதியதே டீச்சர்தான். அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

"சவத்த விடுங்க, புதுக் குப்பைக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன்" என்றார் அண்ணாச்சி. "ஸ்ரீவைகுண்டத்துல நமக்குத் தெரிஞ்ச வாழைத்தோட்டம் இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை குட்டியானை வண்டி நிறைய வாழைச் சருகும் மட்டையும் வந்து இறங்கின. சருகோடு சருகாகப் பாதி பச்சை இலை. மூன்று பேரும் நின்று மரத்தடி மரத்தடியாகப் பரப்பினார்கள். ஒன்பது மணிக்குக் காடு மறுபடி காடு மாதிரி இருந்தது. ஒன்பதேகாலுக்கு ஆடுகள் வந்தன.

ஒன்றிரண்டு இல்லை, முப்பது ஆடுகள். பின்னால் ஆடு மேய்க்கும் முருகேஸ்வரி, தூக்குவாளியும் கையுமாக, அவசரமில்லாமல் வந்தாள்.

"ஏளா, ஆட்டப் பிடி! இது பாதுகாக்கப்பட்ட பகுதி!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"நான் எங்கண்ணாச்சி பத்திட்டு வந்தேன்? ரெண்டு வருசமா இந்தப் பக்கம் திரும்பியாவது பாத்திருக்குமா? வழிச்சுத் தொடச்சு வச்சிருந்திய, அதுக்கு என்ன வேலை? இன்னிக்கு வண்டி வச்சுக் குழை கொண்டாந்து விருந்து வச்சிருக்கிய. கூப்பிட்ட வீட்டுக்கு வராம இருக்குமா?"

ஆடுகள் விருந்தை மரியாதையாக முடித்தன. பத்து மணிக்கு ஒரு சருகு இல்லை. டீச்சர் நட்டிருந்த வேப்பங்கன்றுகளில் நாற்பதுக்கு மேல் மொட்டை. புழுக்கை மட்டும் ஏராளமாக இருந்தது. அதைப் பார்த்ததும் டீச்சரின் கை தன்னையறியாமல் விளக்குமாற்றைத் தேடியது. பிரைட்டன் அதை எடுத்து வண்டிக்குள் ஒளித்து வைத்தான்.

"அடுத்த லோடு போடுறதுக்கு முன்னால வேலி போடணும் டீச்சர்" என்றான். "தருவைகுளத்துல மரியசெல்வி அக்காட்ட பழைய வலை கெடக்கு. சும்மாவே தருவாங்க."

மரியசெல்வி சும்மாவேதான் தந்தாள். "கொண்டு போங்க, வீட்டுக்குள்ள வச்சுத் தாங்க முடியல" என்று வேறு சொன்னாள். அதன் பொருள் பிரைட்டனுக்கு அப்போது விளங்கவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குக் காட்டைச் சுற்றி வலை கட்டி முடித்து, வெயில் ஏறி, வலை சூடானபோதுதான் விளங்கியது.

எத்தனை வருடத்துச் சாளை மீனோ தெரியாது, மொத்தமும் வலைக்குள் இருந்து மணக்க ஆரம்பித்தது. முதலில் காக்கைகள் வந்தன. பிறகு தருவைகுளத்து நாய்கள் வந்தன. ஊரில் இத்தனை நாய்கள் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. அவை வலையைப் பல்லால் இழுத்தன, ஒன்றையொன்று கடித்தன, பிறகு கிழிந்த இடத்தின் வழியே உள்ளே வந்து வாழை மட்டையில் படுத்தன.

"ஆட்டையாவது அதட்டலாம். இதுகள என்ன செய்ய?" என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, கடையில தீவாளிச் சரம் ஒண்ணு மிச்சம் கெடக்கு" என்றார் காசிலிங்கம் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. முயல் ரெண்டு இருக்கு. பயந்துரும்."

"சின்னச் சரம்தான். கொட்டாங்கச்சி போட்டு மூடி வைக்கேன். சத்தம் கும்முனு அமுங்கிரும்."

சின்னச் சரம் ஆயிரம் வாலா. கொட்டாங்கச்சி முதல் வெடியிலேயே எங்கோ போனது. நாய்கள் ஓடின, காக்கைகள் எழும்பின. அந்தப் பக்கம் போன லாரி ஒன்று டயர் வெடித்தது என்று நினைத்து நின்றது. கடைசியாக, அந்த இரண்டு முயல்களும் வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் முள்ளுக்குள் போய் மறைவதை மூன்று பேரும் நின்று பார்த்தார்கள்.

டீச்சர் பதிவேட்டை எடுத்து முயலுக்கும் ஆப்சென்ட் போட்டார். எழுதிய இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது.

"என்னாலதான்" என்றார். "ஆசையா வளத்தேன். நானே பெருக்கித் தள்ளிட்டேன்."

அண்ணாச்சிக்கு மனசு பொறுக்கவில்லை. டீச்சரம்மா அழுது அவர் பார்த்ததே இல்லை. "கலங்காதிய டீச்சரம்மா, நாளைக்கு ஒரு ஆமை வரும். என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரேஞ்சர் கிருபாநிதி ஜீப்பில் வந்து இறங்கினார். மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இளவயது, நல்ல மனிதர். '212' என்று பெரிதாக எழுதிய பலகையின் கீழே டீச்சர் வரவேற்று, அச்சடித்த நிகழ்ச்சி நிரலை நீட்டினார். ஆரம்ப ஜெபம், வரவேற்புரை, ஆண்டறிக்கை என்று தொடங்கி நன்றியுரை வரை பத்து இனங்கள் இருந்தன.

"மேடம், ஒரே ஒரு ஆமையைக் காட்டுங்க. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கும் காடு இருந்தா சந்தோஷம்தான்."

"அது ஆறாவது சார். களப் பார்வை."

இரண்டாவது இனம் நடக்கும்போது ஒரு பழைய டிவிஎஸ் வந்து நின்றது. தலையாரி முத்துமணி. கிராம நிர்வாக அலுவலர் அனுப்பிய ஆள், கக்கத்தில் நில வரைபடம். சுற்றிலும் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி சுற்றிலும் பார்த்தார்.

"டீச்சர், ஒரு சின்ன விசயம்..."

"உங்களுக்கு ஒன்பதாவது இடம். கிராமப் பிரதிநிதி உரை. அதுவரைக்கும் உக்காருங்க."

முத்துமணி உட்கார்ந்தார். ஆண்டறிக்கையின் நாலாம் பக்கத்தில் மறுபடி எழுந்து, "இல்ல டீச்சர், எதுக்குச் சொல்லுதேன்னா..." என்றார்.

டீச்சர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் முப்பத்து நாலு வருட வகுப்புகள் அடங்கியிருக்கின்றன. முத்துமணி உட்கார்ந்து, வாயில் விரலும் வைத்துக்கொண்டார்.

ஆறாவது இனம் வந்தது. ரேஞ்சர் நடந்தார். வெள்ளைக் கல், மொட்டை வேப்பங்கன்று, ஆட்டுப் புழுக்கை, வாழை மட்டை, பட்டாசுக் காகிதம், மீன் நாற்றம். எல்லாவற்றையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.

"மேடம், இங்க எறும்பு கூட இல்லையே."

"சார்! அங்கன பாருங்க!" என்று காசிலிங்கம் அண்ணாச்சி கத்தினார்.

தூரத்தில், உடை மரத்தடியில், பாதி வாழை மட்டைக்குள், ஓர் ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தன. டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "மூணாம் நம்பரா இருக்கும்" என்று பதிவேட்டை அவசரமாகப் புரட்டினார்.

ரேஞ்சர் முகம் மலர்ந்து, அங்கிருந்தே நாலு படம் எடுத்தார். எழுத்து அட்டையில் தேதி போட்டார். பேனாவைக் கீழே வைக்கும் முன் மறுபடி பார்த்தார்.

"ரொம்ப நேரமா அசையலையே?"

"வெக்கப்படுது சார்" என்றார் அண்ணாச்சி. "பெரிய ஆபீசரயெல்லாம் பாத்துப் பழக்கமில்லலா."

"ஓட்டு அளவு எடுக்கணும். ரெண்டு நிமிஷம்தான்."

"வேண்டாம் சார், கடிக்கும்!"

ரேஞ்சர் அதற்குள் பக்கத்தில் போய்விட்டார். குனிந்தார். விரலால் தட்டினார். டொக் என்று கேட்டது. மட்டையை விலக்கிவிட்டு, அடியில் எழுதியிருந்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"உபயம், காசிலிங்கம் மளிகை ஸ்டோர்ஸ், மெயின் ரோடு, தூத்துக்குடி. கீழ போன் நம்பரும் இருக்கு."

பிரைட்டன் தரையைப் பார்த்தான். டீச்சர் மெல்லத் திரும்பினார்.

"அண்ணாச்சி..."

"சிமெண்டு ஆமைதான் டீச்சரம்மா. சாயந்தரமே பெயிண்ட் அடிச்சு வாங்குனேன். பேர் போடவான்னு அவன் கேட்டான். எதுக்குக் குடுத்தாலும் போடுதது வழக்கம்லா, வாயில சரின்னு வந்துட்டு..."

கோயிலில் குழல்விளக்கு, பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு, சுடுகாட்டில் தண்ணீர்த் தொட்டி, எதிலும் அவர் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. பொய்க்குக்கூடப் பெயர் போட்டுவிட்டுத்தான் அவரால் தூங்க முடிந்திருக்கிறது.

ரேஞ்சரின் முகம் மாறியிருந்தது. "மேடம், நான் உங்களை நம்பி வந்தேன்."

"அவரைச் சொல்லாதீங்க சார். எனக்காகச் செஞ்சது" என்றார் டீச்சர். குரல் உடைந்தாலும் முதுகு வளையவில்லை. "இங்க ஒன்பது ஆமை இருந்தது. சத்தியமா இருந்தது. தினமும் பேர் கூப்பிட்டேன். நீங்க வாறீங்கன்னு சுத்தம் பண்ணினேன். அதுகளோட வீடு எதுன்னு எனக்குத் தெரியல. குப்பைன்னு நெனச்சேன். இந்தக் காட்டை அழிச்சது லாரி இல்ல சார், என் விளக்குமாறு. உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

பதிவேட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ரேஞ்சர் அதைப் புரட்டினார். போன வாரம் வரை இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல், பச்சை மையில் டிக். சனிக்கிழமை, கிறிஸ்துமஸ், பொங்கல் எதுவும் விடுமுறை இல்லை. பதிவேட்டை மூடி, இரண்டு கையாலும் டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் எழுத வேண்டியதை எழுதினார். "சர்வே எண் 212-ல் வன உயிர் எதுவும் காணப்படவில்லை." கையெழுத்துப் போடவில்லை, பேனா மட்டும் அந்த இடத்தில் நின்றது.

"சாட்சிக் கையெழுத்து வேணும். தலையாரி எங்க?"

முத்துமணி எழுந்தார். வாயிலிருந்த விரலை எடுக்கலாமா என்பதுபோல் டீச்சரைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று டீச்சருக்குத் தெரிந்தது. இருந்தாலும் அச்சடித்த நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்துவது அவர் வழக்கம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழையும் எட்டையும் தள்ளிவிட்டு, நேராக நின்று அறிவித்தார்.

"அடுத்ததாக... கிராமத்தின் சார்பில்... திரு. முத்துமணி அவர்கள் ஓரிரு வார்த்தைகள் பேசுவார்கள்."

முத்துமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, வரைபடத்தை விரித்துப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. நாம நிக்குத எடம் 211. அய்யா பாக்க வந்த 212 ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீச்சர் ரெண்டு வருசமாக் குப்ப கொட்டுத எடம். சட்டுனு போவோம், வெயில் ஏறிட்டுன்னா ஆமையெல்லாம் குப்பைக்குள்ள போயிரும்."